கையில டேப்பச் சுத்துனா எடை தெரியுமா?

தம்பி கேட்டது இதுதான். அப்பத்தா கெணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு காரைக்குடில ஒரு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க, எடை எம்புட்டுன்னு கேட்டதுக்கு அப்பா 55ன்னாரு, சித்தப்பா 70க்குக் கொறையாதுன்னாரு, கடைசில ஒரு சிஸ்டர் வந்து டெய்லர் மாதிரி இஞ்ச் டேப்ப எடுத்து மேல்கைய அளந்துட்டு 50ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க, ஒரு வெயிட் மெஷின் கூட இல்லாத ஆஸ்பத்திரியா இது, அந்த 50அ நம்பி மருந்து ஏத்தலாமான்னு.

தம்பி, அந்த சிஸ்டர் வெவரமானவங்க. பத்து பேர்ல ஒருத்தர்தான் டேப்ப எடுப்பாங்க, மிச்ச ஒம்போது பேரும் கால்மாட்டுல நின்னு ஒரு பார்வை பாத்துட்டு 60ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நானும் அப்படி எழுதுனவதான், அதனாலதான் சொல்றேன். புதுவயல் பக்கம் பொறந்து தேவகோட்டை, காரைக்குடி, மதுரைன்னு கேஷுவாலிட்டியிலயும் ஐசியூவுலயும் இருபது வருஷத்துக்கு மேல நின்னாச்சு, இந்த எடை விஷயத்துல நான் வாங்குன பாடத்தையும் சேத்தே சொல்லிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

வெயிட் மெஷின் எல்லா ஆஸ்பத்திரிலயும் இருக்கு தம்பி. அதுமேல ஏறி நிக்கணும்ல? இடுப்பு முறிஞ்சவங்க, பக்கவாதம் வந்தவங்க, மயக்கத்துல இருக்கவங்க, மூச்சு வாங்குறவங்க, ஆக்சிடெண்ட்ல கழுத்துக்குப் பட்டை போட்டு வந்தவங்க, இவங்க யாரும் நிக்க முடியாது. கட்டிலோடயே எடை காட்டுற பெட் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, ஆளத் தொட்டில்ல போட்டுத் தூக்கி எடை பாக்குற ஸ்லிங் மெஷினும் இருக்கு, ஆனா ரெண்டும் பெரிய ஐசியூவுலதான் இருக்கும், நம்ம பக்கம் எல்லா எடத்துலயும் எதிர்பாக்க முடியாது. எனக்கு என்ன வேடிக்கைன்னா, ஒரு சவரனுக்கு 8 கிராம்னு மில்லிகிராம் வரைக்கும் தராசுல கண்ணு வச்சுப் பாக்குற ஊரு இது, முகப்புல உக்காந்து வெள்ளிச் சாமானுக்கு எடை சரிபாத்துத்தான் உள்ள எடுத்து வைப்போம், ஆளு படுத்துட்டா மட்டும் "ஒரு ரெண்டரை சிப்பம் இருப்பாரு"ன்னு அரிசி மூட்டைக் கணக்குல சொல்லிட்டுப் போயிடுறோம்.

எடை எதுக்கு வேணுங்குறதுல ஒரு விஷயம் மொதல்ல புரியணும், எல்லா மருந்துக்கும் எடை தேவையில்ல. வயக்காட்டுல பாம்பு கடிச்சு வர்றவங்களுக்குப் போடுற விஷமுறிவு மருந்து கொழந்தைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே அளவுதான், ஏன்னா பாம்பு ஆளோட எடையப் பாத்து விஷத்த எறக்குறது இல்ல, எறங்குன விஷத்துக்குத்தான் மருந்து. மாரடைப்புக்குப் போடுற ஸ்ட்ரெப்டோகைனேஸ் எல்லாருக்கும் 15 லட்சம் யூனிட், அதுலயும் எடை பாக்குறது இல்ல. அதே மாரடைப்புக்கு டெனெக்டிப்ளேஸ் போட்டா எடை வேணும், ஆனா அது பஸ் ஸ்டேஜ் மாதிரி, 60 கிலோக்குக் கீழ 30 எம்ஜி, அப்புறம் ஒவ்வொரு பத்து கிலோவுக்கும் 5 எம்ஜி ஏறி, 90 தாண்டுனா 50 எம்ஜியோட நின்னுரும். 63 இருக்கவர 67ன்னு எழுதிட்டா அதே ஸ்டேஜ்தான், ஒண்ணும் மாறாது, 58 இருக்கவர 62ன்னு எழுதுனாத்தான் அடுத்த ஸ்டேஜுக்குப் போகும். ஆக எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி பதற வேண்டியதில்ல.

பதற வேண்டிய எடம் வேற. மூளையில ரத்தம் கட்டி வாதம் வந்தா, நாலரை மணி நேரத்துக்குள்ள அல்டிப்ளேஸ் போடுவாங்க, கிலோவுக்கு 0.9 எம்ஜி, எம்புட்டு குண்டா இருந்தாலும் 90 எம்ஜிக்கு மேல கெடையாது, மொத்தத்துல பத்துல ஒரு பங்க ஒரு நிமிஷத்துல போட்டுட்டு மிச்சத்த ஒரு மணி நேரம் ஓட விடணும். 52 கிலோ அம்மாவ 65ன்னு போட்டா 46.8 எம்ஜி போக வேண்டிய எடத்துல 58.5 எம்ஜி போகும், கிட்டத்தட்ட 12 எம்ஜி கூட, அது ரத்தக்கட்டியக் கரைக்குற மருந்து, கூடிப்போனா மூளைக்குள்ளயே ரத்தம் கசியும். கொறஞ்சாலும் லாபம் இல்ல, கட்டி கரையாம கையும் காலும் வராமப் போயிரும். தீக்காயத்துக்குத் தண்ணி ஏத்துற கணக்கு, சுகர் ஏறி கீட்டோன் வந்தவங்களுக்கு மணிக்கு கிலோவுக்கு 0.1 யூனிட் இன்சுலின், கிருமித்தொற்றுல பிரஷர் எறங்குனவங்களுக்கு கிலோவுக்கு 30 எம்எல் சலைன், கிருமிக்குப் போடுற அமிகாசின், ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஹெப்பாரின், எல்லாம் கிலோ கணக்குத்தான்.

இப்ப என் கதை. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. மார்கழி மாசம், ராத்திரி, 78 வயசு ஐயா ஒருத்தர நெஞ்சுவலின்னு கொண்டு வந்தாங்க, ஸ்வெட்டர், அதுக்கு மேல சால்வை, அதுக்கு மேல கம்பளி, தலைக்கு மஃப்ளர், உள்ள ஆளு எம்புட்டு இருக்காருன்னு வெளிய தெரியாது. நல்ல உசரம், முகம் கொஞ்சம் பெருசு. கூட வந்த மகன் வெளியூர்ல இருந்து அன்னைக்குத்தான் வந்திருக்காரு, "ஒரு அறுபது அறுபத்தஞ்சு இருப்பாங்க சிஸ்டர்"னாரு. நான் 60ன்னு எழுதுனேன். அவ்ளோதான் நான் செஞ்சது. அந்த 60 கேஷுவாலிட்டி ஷீட்ல இருந்து ஐசியூ சார்ட்டுக்குப் போச்சு, அங்க இருந்து மருந்து ஷீட்டுக்கு, அங்க இருந்து டயட்டீஷியன் பேப்பருக்கு. நாலு எடத்துல நாலு கையெழுத்துல 60ன்னு இருந்தா யாருக்குய்யா சந்தேகம் வரும், நாலு பேர் நாலு தடவ எடை போட்ட மாதிரி இருந்துச்சு. ரத்தம் உறையாம இருக்கப் போடுற எனாக்சாபரின் ஊசி கிலோவுக்கு 1 எம்ஜி, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஆக 60 எம்ஜி ரெண்டு தடவ. மூணாவது நாள் காலையில ஈறுல ரத்தம், வயித்துல ஊசி போட்ட எடமெல்லாம் கத்திரிக்கா கலர்ல கன்னிப்போச்சு. அன்னைக்கு அவர் கொஞ்சம் தேறி உக்காந்தாரு, வீல்சேரோட எடை போட்டுப் பாத்தா ஆளு 43 கிலோ.

சரி 60க்கும் 43க்கும் 17 கிலோதான வித்தியாசம்னு தோணும், ஆனா கணக்கு அதோட நிக்கல. கிட்னி எம்புட்டு வேலை செய்யுதுன்னு பாக்குற காக்ராஃப்ட் கால்ட் ஃபார்முலா இருக்குல்ல, 140ல வயசக் கழிச்சு எடையால பெருக்கி, அத 72 பெருக்கல் கிரியாட்டினினால (கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்துல அளக்குறது) வகுக்கணும், பொம்பளைங்கன்னா 0.85ஆல பெருக்கணும். பாத்தீங்களா, அதுக்குள்ளயும் எடை உக்காந்திருக்கு. அவருக்குக் கிரியாட்டினின் 1.3. எடை 60ன்னு போட்டா கிட்னி வேலை செய்யுற அளவு 40ன்னு வருது, முழு டோஸ் குடுக்கலாம். 43ன்னு போட்டா 28தான் வருது, 30க்குக் கீழ போனா அந்த ஊசிய ஒரு நாளைக்கு ஒரே தடவயாக் கொறைக்கணும். ஆக அவருக்குப் போயிருக்க வேண்டியது நாளைக்கு 43 எம்ஜி, போனது 120. ஒரு தப்பு எடை, கிட்னி கணக்குல ஒரு தடவ, ஊசி அளவுல ஒரு தடவன்னு ரெண்டு எடத்துல கடிச்சு வச்சிருச்சு. ஐயா பொழச்சுக்கிட்டாரு, வீட்டுக்கு நடந்துதான் போனாரு, ஆனா அந்த 60க்குப் பக்கத்துல "மகன் சொன்னது, எடை போடல"ன்னு ரெண்டு வார்த்தை நான் எழுதியிருந்தா, மறுநாளே எவராவது ஒருத்தர் நிப்பாட்டிக் கேட்டிருப்பாங்க. கண் மதிப்புல எடை போட்டத விட, அது கண் மதிப்புன்னு எழுதாம விட்டதத்தான் நான் என் தப்பா நெனைக்கிறேன்.

அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வந்துச்சு, பழைய கேஸ் ஷீட்டு கையில கெடச்சா எடைய மட்டும் பாப்பேன். ஆம்பளைன்னா 60, பொம்பளைன்னா 50, கொஞ்சம் தாட்டியா இருந்தா 70. எல்லாம் சைபர்லயோ அஞ்சுலயோ முடியும். நெஜமா மெஷின்ல ஏறுன எடை 53.4ன்னு அசிங்கமாத்தான் இருக்கும், அழகா உருண்டையா இருந்தா அது யாரோ வாயில இருந்து வந்ததுன்னு வச்சுக்கலாம். இன்னொண்ணு, ஒல்லியா இருக்கவங்களக் கூட்டிப் போடுவோம், குண்டா இருக்கவங்களக் கொறச்சுப் போடுவோம், எல்லாரையும் நடுவுல கொண்டாந்து நிறுத்துறது நம்ம கண்ணோட கொணம், டாக்டருக்கும் அதேதான், அனுபவம் கூடுனா சரியாயிரும்னு நெனைக்காதீங்க.

அப்ப என்ன செய்யணும். மொதல்ல நோயாளியக் கேக்கணும். சிரிக்காதீங்க, இதத்தான் யாரும் செய்ய மாட்டாங்க. கானாடுகாத்தான் பக்கத்துல இருந்து வந்த ஒரு ஆச்சி, 80 வயசு, காலு ஒடஞ்சு படுத்திருக்காங்க, மகன் மருமகன் பேரன்னு அஞ்சு பேர் சுத்தி நின்னு 50ஆ 60ஆன்னு பட்டாலையில பாகப்பிரிவினை பேசுற மாதிரி பேசிக்கிட்டு இருக்காங்க, நான் குனிஞ்சு "ஆச்சி, நீங்க எம்புட்டு எடை இருப்பீக"ன்னு கேட்டேன், "போன மாசம் சுகர் டாக்டர்ட்டப் போனப்ப 47, அவருதான் ஒரு கிலோ கொறஞ்சிருக்குன்னு வஞ்சாரு"ன்னு சொன்னாங்க. நெனவோட இருக்க ஆளு சொல்ற எடைதான் மத்த எல்லா வழியையும் விட நெஜத்துக்குக் கிட்ட இருக்கும், இது பல தடவ சோதிச்சுப் பாத்த விஷயம். அதுக்கு அடுத்து கூடவே இருந்து குளிப்பாட்டி விடுற ஆளு. அமெரிக்கால இருந்து வந்த மகன விட, தெனம் தூக்கி உக்கார வைக்கிற மருமகளோ வேலைக்கு இருக்க அக்காவோ சொல்றது தேவலை. வீட்டு ஆளுங்க சொல்ற எடைல ஒரு சிக்கல், அது எப்ப உள்ள எடைன்னு அவங்களுக்கே தெரியாது. உங்க சித்தப்பா சொன்ன 70 பொய் இல்ல தம்பி, அப்பத்தா நல்லா இருந்த காலத்துல அவர் மனசுல பதிஞ்ச உருவம் அது. அதனால "எவ்ளோ எடை"ன்னு கேக்குறதோட நிறுத்தாம, "கடைசியா எங்க எடை போட்டீங்க, எப்ப, அதுக்கப்புறம் ரவிக்கை லூசாச்சா, வளையல் கழண்டு விழுதா"ன்னு கேப்பேன். கண் ஆபரேஷன் முகாம் சீட்டு, சுகர் நோட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கர்ப்பிணின்னா தாய்சேய் அட்டை, இதுல எதாவது ஒண்ணுல தேதியோட எடை இருக்கும்.

கேக்க ஆளில்லைன்னா டேப்பு. உங்க சிஸ்டர் செஞ்சது மேல்கை சுத்தளவு, கணக்கு ரொம்ப சின்னது: செண்டிமீட்டர்ல வர்றத நாலால பெருக்கி அம்பதக் கழிக்கணும். அப்பத்தாவுக்குக் கை 25 செமீ இருந்திருக்கும், நாலு பெருக்கல் 25 நூறு, அம்பதக் கழிச்சா 50. அவ்ளோதான், அந்த 50 வானத்துல இருந்து குதிக்கல. அளக்குறதுலதான் கைப்பக்குவம் இருக்கு. தோள்பட்டை நுனில கட்டையா ஒரு எலும்பு தட்டுப்படும், முழங்கைய மடக்குனா பின்னாடி கூரா ஒரு எலும்பு, இது ரெண்டுக்கும் நடுவுல பேனாவால ஒரு புள்ளி வைக்கணும், வச்சுட்டு கைய நீட்டித் தளர விட்டு, அந்தப் புள்ளி மேல டேப்பச் சுத்தணும். தோலோட ஒட்டி இருக்கணும், சதை பிதுங்கக் கூடாது. படுத்திருக்க ஆளுக்குக் கை மெத்தைல அழுந்திச் சப்பையாக் கெடக்கும், கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு அளக்கணும். ட்ரிப் ஏறி வீங்குன கை ஆகாது, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய இணைச்சு ஃபிஸ்டுலா வச்ச கை ஆகாது, பழைய வாதத்துல சூம்பிப் போன கையும் ஆகாது. டேப்பையும் பாத்துக்கணும், துணி டேப்பு இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும், மொத முனை கிழிஞ்சு ஒண்ணுல இருந்தோ ரெண்டுல இருந்தோ ஆரம்பிக்கும், ஒரு பக்கம் இஞ்ச் மறுபக்கம் செமீ. எங்க வார்டுல புதுசா வந்த ஒரு பிள்ளை பத்துன்னு எழுதிட்டு எடை மைனஸ்ல வருதே அக்கான்னு வந்து நின்னுச்சு.

இந்தக் கணக்கு நடுத்தர ஒடம்புக்குச் சரியா வரும், ரொம்ப ஒல்லிக்கும் ரொம்ப குண்டுக்கும் தடுமாறும். அதுபோக இது வெளிநாட்டு ஆளுங்கள அளந்து போட்டது. நம்ம ஊர் ஒடம்பு வாகு தனி, கை குச்சியா இருக்கும், வயிறு மட்டும் மொடாவாட்டம் இருக்கும், அப்படி ஆளுக்குக் கைய மட்டும் அளந்தா கொறச்சுத்தான் வரும்ங்குறது என் அனுபவம். அவங்களுக்கு இடுப்பையும் சேத்து அளக்குற முறை நல்லது. 2007ல ஜெர்மனில லோரென்ஸ்னு ஒருத்தர் குழுவோட சேந்து, பேச முடியாத வாதநோயாளிகளுக்காகவே போட்ட கணக்கு அது. ஆம்பளைக்கு: உசரத்த 0.60035ஆல பெருக்கு, வயித்துச் சுத்தளவ 0.785ஆல பெருக்கு, பின்பக்க இடுப்புச் சுத்தளவ 0.392ஆல பெருக்கு, மூணையும் கூட்டி 137.432அக் கழி. பொம்பளைக்கு உசரத்துக்கு 0.4053, வயித்துக்கு 0.325, இடுப்புக்கு 0.836, கழிக்குறது 110.924. எல்லாம் செமீ. 165 உசரம், வயிறு 88, இடுப்பு 94ன்னு ஒரு அண்ணன் படுத்திருக்காருன்னு வைங்க, 67 கிலோ சில்லறை வரும். இத மனப்பாடம் பண்ண வேண்டாம், ஐசியூ செவுத்துல ஒட்டி வச்சாப் போதும், இல்ல செல்ஃபோன் கால்குலேட்டர். ஆனா உங்க அப்பத்தாவுக்கு இது ஆகாது, ஒடஞ்ச இடுப்புக்கு அடியில டேப்ப நொழைக்கப் போனா அவங்க போடுற சத்தம் குன்றக்குடி வரைக்கும் கேக்கும். சிஸ்டர் கைய அளந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

எடை வேற, உசரம் வேற, இது ரெண்டையும் கொழப்பிக்குற எடம் வெண்டிலேட்டர். நுரையீரல் சோறு தின்னு பெருக்குறது இல்ல, ஆளு எம்புட்டு பருத்தாலும் நுரையீரல் உசரத்துக்கு ஏத்த அளவுதான். அதனால மூச்சுக் காத்த அளக்குறதுக்கு நெஜ எடை வேண்டாம், உசரத்துல இருந்து வர்ற எடை வேணும். செமீல உசரத்துல 152.4அக் கழிச்சு 0.91ஆல பெருக்கி, ஆம்பளைக்கு 50, பொம்பளைக்கு 45.5 கூட்டணும். அந்த எடைக்கு கிலோவுக்கு 6 எம்எல் காத்து, ஒவ்வொரு மூச்சுக்கும். 2000ல அமெரிக்கால வெளிவந்த பெரிய ஆராய்ச்சில கிலோவுக்கு 12 எம்எல் தள்ளுனவங்கள்ல 39.8 சதவீதம் பேர் எறந்தாங்க, 6 எம்எல் தள்ளுனவங்கள்ல 31 சதவீதம். 150 செமீ அம்மாவுக்கு இந்தக் கணக்குல 43 கிலோதான் வரும், 260 எம்எல் போதும். கண்ணால பாத்து 70 கிலோன்னு வச்சு 420 எம்எல் தள்ளுனா நுரையீரல் கிழியுற அளவுக்கு ஊதிருவோம். கொரோனா சமயத்துல உசரம் அளக்கத்தான் நாங்க ஓடுனோம், எடைக்கு இல்ல. தலகாணிய எடுத்துட்டு, கால நீட்டி, உச்சந்தலைக்கு நேரா பெட்ஷீட்ல ஒரு பிளாஸ்டர், குதிகாலுக்கு நேரா ஒரு பிளாஸ்டர், ரெண்டுக்கும் நடுவுல டேப்பு. கூன் விழுந்தவங்களுக்கு இது சரிவராது, முழங்கால மடக்கி குதிகால்ல இருந்து முட்டி வரைக்கும் அளந்து அதுல இருந்து உசரம் எடுக்கணும், பொம்பளைங்களுக்கு முட்டி உசரம் பெருக்கல் 1.83, கூட்டல் 84.88, அதுல வயசு பெருக்கல் 0.24அக் கழிக்கணும். 78 வயசு, முட்டி உசரம் 45ன்னா 148 செமீ சில்லறை.

அப்புறம் தண்ணி. கால் வீங்கி வயிறு வீங்கி வர்ற ஹார்ட், லிவர், கிட்னி நோயாளிங்கள எடை போட்டாலும் அது அவங்க எடை இல்ல, ஒரு லிட்டர் ஒரு கிலோ. வயித்துல நீர் நெறைய இருந்தா 14 கிலோ, நடுத்தரமா இருந்தா 6, லேசா இருந்தா 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலன்னு கழிக்கச் சொல்லுவாங்க. நானே ஒரு தடவ மெஷின்லயே 84ன்னு பாத்த ஆளு, லாசிக்ஸ் போட்டு தண்ணி எறங்குனதும் ஒரு வாரத்துல 71க்கு வந்து நின்னாரு. சுகர்ல கால் எடுத்தவங்களுக்கு இன்னொரு கணக்கு, முட்டிக்குக் கீழ எடுத்திருந்தா ஒடம்புல சுமார் 6 சதவீதம், முழுக் காலும் போயிருந்தா 16 சதவீதம். கால் போறதுக்கு முந்தி உள்ள எடைய யாராவது சொன்னா இதக் கழிச்சுக்கணும்.

கொழந்தைங்க கதை பெருசு, சுருக்கமாச் சொல்றேன். ஒரு வயசுக்குள்ளன்னா மாசத்தோட ஒம்போதக் கூட்டிப் பாதியாக்கு, ஆறு மாசத்துக்கு ஏழரை கிலோ. ஒண்ணுல இருந்து ஆறு வயசு வரைக்கும் வயசோட நாலக் கூட்டி ரெண்டால பெருக்கு, நாலு வயசுக்கு 16. புரோஸ்லோன்னு கலர் கலரா ஒரு டேப்பு, கொழந்தையப் பக்கத்துல படுக்க வச்சா உசரத்துக்கு ஏத்த எடையும் டோஸும் காட்டும், ஆனா அது வெளிநாட்டுக் கொழந்தைங்க கணக்கு, நம்ம பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் காட்டுது. ஆனா கொழந்தைக்கு இதெல்லாம் பெரும்பாலும் தேவையே இல்ல, அம்மா தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறணும், அப்புறம் அம்மா மட்டும் ஏறணும், கழிச்சா முடிஞ்சுது. வலிப்பு நிக்காம வந்த பிள்ளைக்கு அதுக்குக் கூட நேரம் இருக்காது, அப்ப அம்மாட்ட "அங்கன்வாடில கடைசியா எம்புட்டு போட்டாங்க"ன்னு கேட்டா டக்குனு சொல்லுவாங்க.

பெரியவங்களுக்கும் இதே கழித்தல் வழி உண்டு. பழைய ஆஸ்பத்திரி ஒண்ணுல ஸ்டோர்ல அரிசி பருப்பு நிறுக்குற பிளாட்பாரத் தராசு இருந்துச்சு, அதுல வீல்சேரோட ஏத்தி, அப்புறம் வீல்சேர மட்டும் ஏத்திக் கழிச்சுருவோம், ஸ்டோர்கீப்பர் அண்ணன் "அடுத்து யாரு, வெங்காயமா, பேஷண்டா"ன்னு கேப்பாரு. ஒருத்தர் ஆம்புலன்ஸோட எடைமேடைல ஏத்திப் பாக்கலாமேன்னு கேட்டாரு, லாரி நிறுக்குற மேடைக்கு அஞ்சு பத்து கிலோவெல்லாம் ஒரு பொருட்டே இல்ல, அது வேண்டாம். பெட் ஸ்கேல் இருக்க எடத்துலயும் கண்ண மூடி நம்ப முடியாது, ஆள் படுக்குறதுக்கு முந்தி சைபர் பண்ணணும், என்னென்ன வச்சு சைபர் பண்ணோம்னு எழுதணும். ஒரு அம்மா ஒரே ராத்திரில 4 கிலோ கூடிட்டாங்கன்னு தண்ணி கோத்துக்கிச்சான்னு டாக்டர் பதறி வந்து பாத்தா, கால்மாட்டுல போர்வைக்கு அடியில ஒயர்கூடை, உள்ள ரெண்டு ஃபிளாஸ்க், ஒரு சீப்பு வாழப்பழம்.

இப்ப உங்க அப்பத்தாவுக்கு வர்றேன். அப்பா 55, டேப்பு 50, சித்தப்பாவோடத விட்டுருங்க. அஞ்சு கிலோ வித்தியாசம், பத்து சதவீதத்துக்குள்ள இருக்கு, அவசரத்துக்கு இது போதும்னுதான் எல்லாரும் வச்சுக்குறது. இடுப்பு முறிவுக்கு ரத்தம் உறையாம இருக்கப் போடுற எனாக்சாபரின் ஊசி பெரும்பாலும் 40 எம்ஜின்னு ஒரே அளவுதான், அதுல இந்த அஞ்சு கிலோ பெருசா ஒண்ணும் செய்யாது, ஆனா பொம்பளைங்க 45 கிலோக்குக் கீழ இருந்தா ரத்தக்கசிவக் கவனிச்சுக்கணும். வலிக்கு நரம்புல ஏத்துற பாராசிட்டமால் 50 கிலோவுக்கு மேலன்னா 1 கிராம், 50க்குக் கீழன்னா கிலோவுக்கு 15 எம்ஜி, அப்பத்தா சரியா எல்லைக்கோட்டுல நிக்கிறாங்க, அந்த எடத்துல கொறஞ்ச எடைய வச்சுக்குறதுதான் நான் செய்வேன். டோஸ மாத்தச் சொல்லி நீங்க சண்டைக்குப் போகாதீங்க, அது அவங்க வேலை. நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, "சிஸ்டர், சார்ட்ல 50க்குப் பக்கத்துல டேப்ல அளந்ததுன்னு எழுதிருக்கீங்களா"ன்னு. மயக்க டாக்டர் வந்தப்பயும் இதையே சொல்லுங்க, "அது மெஷின்ல போட்ட எடை இல்ல சார், கைய அளந்து போட்டது"ன்னு. ஆபரேஷன் முடிஞ்சு வாக்கர் பிடிச்சு நிக்கிற அன்னைக்கு மறக்காம மெஷின்ல ஏத்தச் சொல்லுங்க, இல்லைன்னா டிஸ்சார்ஜ் சம்மரிலயும் அதே 50தான் வரும்.

அதுக்கு முந்தி இன்னைக்கே வீட்டுக்குப் ஃபோன் போட்டு அப்பத்தாவோட சுகர் நோட்டத் தேடச் சொல்லுங்க. அலமாரிலயெல்லாம் இருக்காது. சாமி ரூம்ல காலண்டருக்குப் பின்னாடி ஒரு மஞ்சப்பை தொங்கும் பாருங்க, அதுக்குள்ள.